சபரும் குடித்தனமும்: சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம் குடும்பம்

தமிழகக் கடற்கரையின் முஸ்லிம் ஊர்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதைச் சபர் என்பார்கள். போய் வருபவர் சபராளி. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் சபர் ஆண்பிள்ளைகளின் காரியமாகவே இருந்தது. குடும்பம் ஊரில் இருக்கும். சம்பாத்தியம் மட்டும் கடல் தாண்டி வரும். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழ் முஸ்லிம்கள் இருநூறு ஆண்டுகளாக வாழ்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லும்போது, அதில் பெரும்பகுதி மனைவி மக்களைப் பிரிந்திருந்த ஆண்களின் காலம் என்பது மறந்துபோகிறது. அந்நிய மண்ணுக்கு இணங்கி வாழும் வேலை பெண்களும் பிள்ளைகளும் கப்பலேறிய பிறகே மெய்யாகத் தொடங்கியது. தனி ஆள் கடை மாடியில் பாய் விரித்துப் படுத்து, ஊர்க்காரர்கள் நடத்தும் பள்ளிவாசலில் தொழுது, ஊர்க்காரர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டு இருபது ஆண்டுகளைக் கழித்துவிடலாம். பிள்ளையை எந்த மொழிப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, வீடு கேட்டு எங்கே மனுப் போடுவது, மகளுக்கு யார் நிக்காஹ் செய்து வைப்பது என்ற கேள்விகள் அவருக்கு இல்லை. அவை குடித்தனக்காரரின் கேள்விகள்.

பினாங்கில் ஆங்கிலேயர் 1786இல் கொடி நாட்டினார்கள், சிங்கப்பூரில் 1819இல். இரண்டு இடங்களுக்கும் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் பிற முஸ்லிம் வணிகர்களும் முதல் ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்தார்கள். அந்நாளைய ஆங்கில ஆவணங்கள் இவர்களைச் சூலியா என்று குறிக்கின்றன. வந்தவர்கள் முதலில் கட்டியது தொழ ஓர் இடம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல், சூலியாக்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் மரைக்காயரின் முயற்சியால் தோன்றியது. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இலும் தெலுக் ஆயர் தெருவின் அல் அப்ரார் பள்ளிவாசல் 1827இலும் தொடங்கின. அல் அப்ரார் முதலில் வெறும் கீற்றுக் கொட்டகை என்பதால் அதற்குக் குச்சுப்பள்ளி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அதே தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. கப்பலில் இறங்கியவர் கண்ணில் முதலில் படும் கடற்கரைத் தெரு அது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின் இன்று கடல் வெகுதூரம் போய்விட்டது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக்கப்பட்ட தர்கா, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது.

பள்ளிவாசல் இருந்தது, தர்கா இருந்தது, வீடு இல்லை. இதற்குக் கப்பல் கட்டணம் மட்டும் காரணமல்ல. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறார். வீடு மகளுக்குச் சீராகப் போகிறது. மனைவி தன் தாயோடும் தமக்கைகளோடும் பிறந்த தெருவிலேயே இருக்கிறாள். கணவன் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து ஆறு மாதம் தங்கிப் போனாலும் அவள் அன்றாடம் குலைவதில்லை. சபரும் இந்த வீட்டு முறையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. பணம் உண்டியல்காரர் கை வழியாக வந்தது. செய்தி கடிதத்தில் வந்தது. ஓதக் கற்றிருந்த பெண்கள் பலருக்குத் தமிழ் நெடுங்கணக்கைவிட அரபெழுத்து பழக்கம். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதி, தாங்களே கணவருக்குக் கடிதம் போட்டார்கள். அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டு எழுதச் சொல்லும் சங்கடம் அவர்களுக்கு இல்லை. மீசை அரும்பியதும் மகன் வாப்பாவின் கடைக்கு அனுப்பப்படுவான். தாயும் மகளும் அப்போதும் ஊரில்தான்.

பிரிந்திருக்க மாட்டாதவர்கள் அல்லது விரும்பாதவர்கள் அங்கேயே மலாய்ப் பெண்ணை மணந்தார்கள். மார்க்கம் ஒன்று என்பதால் தடை எதுவும் எழவில்லை. மரைக்காயர்களும் மலாய்க்காரர்களும் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்ட நெறியைச் சேர்ந்தவர்கள் என்பதால் தொழும் முறையிலும் வேறுபாடு இல்லை. ஊரில் ஒரு குடும்பமும் மலாயாவில் ஒரு குடும்பமுமாக வாழ்ந்தவர்களும் உண்டு. ஊரில் அது பலருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. இந்தக் கலப்பு மணங்களில் பிறந்தவர்கள் ஜாவி பெரானாக்கான் என்றும் ஜாவி பெக்கான் என்றும் அழைக்கப்பட்டார்கள். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் அராபியரும் தமிழரும் இருந்தனர். மலாக்காவில் அவருடைய தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். வணிகர் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய மலாக்காவின் வழக்கம் என்று தம் வரலாற்று நூலில் அவரே குறிப்பிடுகிறார். சிங்கப்பூரில் 1876இல் தொடங்கிய முதல் மலாய் மொழி இதழுக்கு ஜாவி பெரானாக்கான் என்றே பெயர். அதை நடத்தியதும் இந்தச் சமூகத்தார்தான். மூன்று தலைமுறையில் இவர்கள் மலாய்க்காரர்களானார்கள். முதலில் போனது மொழி, கடைசி வரை நின்றது சமையல். தாய் எந்த மொழியில் தாலாட்டுகிறாளோ அதுவே வீட்டு மொழியாகிறது. தந்தை தமிழில் கணக்கு எழுதியதால் மட்டும் தமிழ் பிழைக்கவில்லை.

அதே காலத்தில் தமிழிலும் இதழ்கள் வராமல் இல்லை. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1887 முதல் 1890 வரை வெளிவந்தது. அதை வாசித்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களும் கணக்குப்பிள்ளைகளுமாகிய ஆண்கள்.

ஆண்கள் மட்டும் கடல் கடக்கும் இந்தப் படத்தை மாற்றியவர்கள் கடற்கரைக்காரர்கள் அல்லர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூரும் தென்காசியும் உள்நாட்டு ஊர்கள். கடையநல்லூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் கைத்தறி நெசவாளிகள். ஆலைத்துணி வந்து தறி நொடித்தபோது பலர் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்கள். மரைக்காயர்களைப் போல அவர்களுக்குக் கடையும் முதலும் கிடையாது. துறைமுகத்திலும் சாலையிலும் கூலி வேலைதான் கிடைத்தது. ஆனால் அவர்கள் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்தார்கள். தறி நின்ற வீட்டில் மனைவியை விட்டுவிட்டு வந்தாலும் அவளுக்கு அங்கே சாப்பிட வழியில்லை. தறியில் பாவு போட்டு நூல் சுற்றிப் பழகிய பெண்கள் என்பதால் உழைப்பும் புதிதல்ல. தஞ்சோங் பகாரில், துறைமுகத்துக்கு நடந்து போகும் தொலைவில், நெருக்கமான கடைவீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அடுப்பும் குழாயும் பொது.

கடையநல்லூர்ப் பெண்கள் மசாலா இடித்தும் அரைத்தும் விற்றார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அம்மியில் தனித்தனியாக அரைபட்டு, வாங்குபவரின் கறிக்கு ஏற்ற அளவில் கலந்து கொடுக்கப்படும். மீனுக்கு ஒரு கூட்டு, ஆட்டிறைச்சிக்கு ஒரு கூட்டு. வாங்க வருபவர்களில் மலாய்ப் பெண்களும் பெரானாக்கான் சீனப் பெண்களும் உண்டு. எனவே ஊரில் ஒரு மொழி மட்டும் தெரிந்திருந்த பெண் சந்தை மலாய் பேசக் கற்றுக்கொண்டாள். கணவனுக்கு முன்னே மனைவிக்கு அந்நாட்டு மொழி வந்தது இப்படித்தான். முக்காடிட்டு வீட்டுக்குள் இருப்பவள் என்று தமிழ் முஸ்லிம் பெண்ணைப் பற்றி இருந்த படம், பணக்கார மரைக்காயர் வீட்டைப் பார்த்து வரையப்பட்டது. நெசவாளி வீட்டுக்கு அது என்றும் பொருந்தியதில்லை.

குடும்பங்கள் வந்ததால் குடும்பங்களுக்கான அமைப்புகளும் வந்தன. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை ஆண்டுகள் உண்டியலும் கடிதமும் நின்றன. ஊரில் குடும்பத்தை வைத்திருந்த சபராளிக்கு அது இரட்டை வேதனை. குடும்பத்தோடு இருந்தவருக்கோ பசி ஒன்றுதான், ஆனால் அந்தப் பசி பிள்ளைகளுக்கும் சேர்த்து. போர் முடிந்ததும் 1946இல் லீக் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பள்ளியில் எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, ஆங்கிலவழிக் கல்விக்குப் பெற்றோர் மாறியதால் மாணவர் குறைந்து, 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அந்தப் பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்றை அரசு அமைத்தது. கூலிக்கார நெசவாளிகள் காசு திரட்டித் தொடங்கிய பள்ளியின் பெயர் இப்படி அரசாங்கக் கட்டடத்தில் ஏறியது. இந்தச் சமூகத்தின் சாதனைகளில் இதற்கு இணையாக மற்றொன்றைச் சொல்வது கடினம்.

கடற்கரைச் சபராளிகளைக் குடித்தனக்காரர்களாக்கியது ஆசையல்ல, சட்டம். 1953இல் மலாயாவும் சிங்கப்பூரும் குடிநுழைவைக் கட்டுப்படுத்தின. விரும்பியபோது வந்து விரும்பியபோது போகும் காலம் அத்துடன் முடிந்தது. 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1965இல் நாடு தனியானபின் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. கடையை மகனுக்கு மாற்றிவிட்டு ஊர் போய்ச் சேர்வதா, குடியுரிமை பெற்றுக் குடும்பத்தை அழைத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடந்தது. 1926இல் கட்டப்பட்ட ராஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. பின்னாளில் அந்தத் தடத்தில் ஓடிய எம். வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்ததோடு பயணிகள் கப்பலும் நின்றது. கோடாலித் தைலமும் கைலியும் நிறைந்த பெட்டிகளோடு நாகப்பட்டினத்தில் இறங்கிய சபராளிகளின் இடத்தைச் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டோடு விமானத்தில் வந்து இரண்டு வாரம் தங்கிப் போகும் குடும்பங்கள் பிடித்தன.

வந்த குடும்பத்தைச் சிங்கப்பூர் அடுக்குமாடியில் வைத்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் தொடங்கியது. நகரச் சீரமைப்பில் தஞ்சோங் பகாரின் கடைவீடுகள் காலியாகி, கடையநல்லூர்க் குடும்பங்கள் தீவின் நாலாபுறமும் சிதறின. ஒரே தெருவில் நூறு வீட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இப்போது ஒரு பக்கம் சீனர் வீடு, மறு பக்கம் மலாய் வீடு. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு கட்டியது. இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்துப் பேட்டைக்கு 10, புளோக்குக்கு 13 என்றிருந்த வரம்பு 2010இல் 12, 15 ஆக உயர்ந்தது. ஊர்க்காரர் பக்கத்தில் வீடு வாங்கலாம் என்ற நினைப்பு இதனால் பல நேரம் நிறைவேறுவதில்லை. அடையாள அட்டையில் இந்தியர் என்றிருக்கும் முஸ்லிம், மலாய்க்காரர் கணக்கில் வரமாட்டார். பக்கத்துப் பள்ளிவாசலுக்காக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் வரம்பு அவரை இந்தியராகவே எண்ணும்.

அடுக்குமாடி வழிபாட்டின் சின்னச் சின்னக் காரியங்களையும் மாற்றியது. பாங்கொலி ஊரில் தெருவெல்லாம் கேட்கும். சிங்கப்பூரில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் எழுபதுகளில் உட்புறமாகத் திருப்பப்பட்டன. பாங்கு வானொலியில் வந்தது. நோன்பு நாளில் மாலை முழுவதும் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில், மஃக்ரிபுக்குச் சற்று முன் யாராவது எழுந்து மலாய் நிலையத்துக்கு மாற்றுவார்கள். பாங்கு முடிந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போனதும் மறுபடி தமிழுக்கு மாறும். கஞ்சி பெரும்பாலும் பள்ளிவாசலிலிருந்து பாத்திரத்தில் வாங்கி வந்ததாக இருக்கும். தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக்கஞ்சிக்கு மலாய்க்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். குர்பானி வீட்டு வாசலில் இல்லை, பள்ளிவாசலில். கல்யாணப் பந்தல் தெருவில் இல்லை, புளோக்கின் கீழ்த்தளத்தில். அங்கே நேற்று மலாய்க் கல்யாணம் நடந்திருக்கும், நாளை சீனர் இறுதிச் சடங்கு நடக்கலாம்.

மேற்கு நாடுகளில் குடியேறிய முஸ்லிம் குடும்பம் தன்னைச் சிறுபான்மையாக ஒரு முறை உணர்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் இரண்டு முறை சிறுபான்மை. மார்க்கத்தில் அவருக்குப் பெரும்பான்மை மலாய்க்காரர். மொழியில் அவருக்குப் பெரும்பான்மை தமிழ் இந்துக்கள். 2020 மக்கள் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலுமான இந்தியர்களில் சுமார் 57 விழுக்காட்டினர் இந்துக்கள், சுமார் 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அரசின் ஏற்பாடுகள் மார்க்கத்தை ஒரு பக்கமும் இனத்தை ஒரு பக்கமும் கணக்கு வைக்கின்றன. இதைச் சம்பளச் சீட்டில் நேரடியாகவே பார்க்கலாம். இந்திய முஸ்லிம் ஊழியர் ஒருவரின் சம்பளத்திலிருந்து பள்ளிவாசல் கட்டவும் மெண்டாக்கிக்கும் உரிய நிதிக்கு மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. இந்தியர் என்பதால் சிண்டாவுக்கும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. மெண்டாக்கி 1982இல் மலாய் முஸ்லிம் மாணவரின் கல்விக்காகத் தொடங்கியது. சிண்டா 1991இல் இந்திய மாணவருக்காக. அவர் மகன் இரண்டில் எதன் துணைப்பாட வகுப்புக்கும் போகலாம். இரண்டிலுமே அவன் கொஞ்சம் வேற்றாள்.

மொழி இன்னும் கடினமான இடம். பள்ளிக்கூடத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில்; 1987 முதல் எல்லாப் பள்ளிகளுக்கும் இதுவே முறை. இந்தியர் என்று பதிவானதால் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் பெரும்பாலும் தமிழ். வார இறுதியில் மார்க்கக் கல்விக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனால் உஸ்தாஸ் பாடம் நடத்துவது நெடுங்காலம் மலாயில், இப்போது ஆங்கிலத்திலும். ஓதுவது அரபில். ஆக ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான்கு மொழி. பெற்றோருக்கு ஒரு கணக்கு தோன்றுவது இயல்பு: தமிழை விட்டு மலாயை எடுத்தால் பள்ளிக்கூடமும் மதரசாவும் ஒரே மொழியில் சேர்ந்துவிடும். அப்படி மாறிய குடும்பங்கள் உண்டு. அடுத்த தலைமுறையில் அவர்கள் மலாய்க் குடும்பங்களாகவே ஆகிவிடுவதும் உண்டு. மாறாமல் நின்றவர்களுக்குத் துணையாக இருப்பவை ஜாமிஆ சூலியா, அப்துல் கஃபூர், பென்கூலன் போன்ற பள்ளிவாசல்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அங்கே குத்பா தமிழில் கேட்கும். ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். மலாயா தமிழா என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் மூன்றாவது மொழியில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த இராவுத்தர் குடும்பங்களுக்கு மார்க்கத்திற்குள்ளேயே சிறிய இணக்கங்கள் தேவைப்பட்டன. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், அதாவது முயிஸ், வெளியிடும் தொழுகை அட்டவணை ஷாஃபி முறைப்படியானது. அஸர் நேரம் ஊரில் இருந்ததைவிட முன்னதாக வரும். சுபுஹுத் தொழுகையில் இமாம் குனூத் ஓதும்போது ஹனஃபிகள் பேசாமல் நிற்பார்கள். பிள்ளைகள் மதரசாவில் கற்றபடி கையேந்துவார்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் தலைமுறை பெரும்பாலும் ஷாஃபி முறையிலேயே தொழுகிறது.

மண விவகாரத்தில்தான் ஊர் ஜமாஅத்தின் பிடி தளர்ந்தது. தமிழக ஊர்களில் நிக்காஹ் மஹல்லா ஜமாஅத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும்; ஜமாஅத் தலைவர்களின் சொல்லுக்கு அங்கே எடை உண்டு. சிங்கப்பூரில் முஸ்லிம் திருமணப் பதிவகத்தின் கீழ் காதியோ நாயிப் காதியோ நடத்துகிறார். மணமுறிவு 1958இல் அமைந்த ஷரீஆ நீதிமன்றத்துக்குப் போகிறது. 1966இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் இவை அனைத்தையும் ஒரு குடைக்குள் கொண்டுவந்தது. முயிஸ் 1968இல் அமைந்தது. கணவன் தலாக் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதும், இன்னொரு மணத்தை ஊருக்குத் தெரியாமல் செய்துகொள்வதும் இங்கே எளிதல்ல. ஊரை விட்டு வந்த பெண்ணுக்குத் தாய்வீட்டுத் தெருவின் பாதுகாப்பு போனது. அதற்குப் பதிலாகக் கிடைத்தவற்றில் இந்தச் சட்டப் பாதுகாப்பும் ஒன்று.

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இங்கே செல்லவில்லை. வீவக வீட்டுக்கு மணமக்களே சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள். நிக்காஹுக்கு முன்பே வீடு பதிவாகிறது. வீட்டுச் சாவி எப்போது கைக்கு வரும் என்பதைப் பார்த்துக் கல்யாணத் தேதி குறிப்பவர்களும் உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கும் போவதில்லை, பெண் மாமியார் வீட்டுக்கும் போவதில்லை. இருவரும் கடனோடு தனிக்குடித்தனம் போகிறார்கள். ஊரிலிருந்து பெண் எடுக்கும் குடும்பத்துக்கு இதிலும் சிக்கல்: மருமகள் நிரந்தரவாசியாகும் வரை மானியமும் தெரிவும் குறையும். முறைப்பெண்ணைத் தேடி ஊருக்குப் போவது குறைந்ததற்கு இளைஞரின் மனமாற்றத்தோடு இந்தக் கணக்கும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

மலாய்க் குடும்பத்தில் பெண் கொடுத்து எடுப்பது இன்றும் நடக்கிறது. பிறக்கும் பிள்ளை எந்த இனம் என்பதில் சட்டம் இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக நெகிழ்கிறது. மலேசிய அரசமைப்பின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்காறுகளை மேற்கொள்பவரை மலாய்க்காரர் என்கிறது. அதனால் பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அண்ணன் இந்தியராகவும் தம்பி மலாய்க்காரராகவும் வாழ்வது சாத்தியம். மலாய்க்காரருக்கான சலுகைகள் அந்தப் பக்கம் இழுக்கவும் செய்கின்றன. சிங்கப்பூரில் 1988இல் நாடாளுமன்றத் தேர்தலின் குழுத்தொகுதிகளுக்காக எழுதப்பட்ட விளக்கம், தம்மை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அச்சமூகத்தாராலும் அப்படி ஏற்கப்படுபவரை மலாய்ச் சமூகத்தவர் என்கிறது. 2017இல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலில் அதிபரான ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம், காவலாளியாக இருந்தவர். மகளுக்கு எட்டு வயதில் அவர் இறந்தார். சாப்பாட்டுக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர் மலாய்த் தாயார். அந்தத் தேர்தலின்போது ஹலிமா மலாய்க்காரரா என்று எழுந்த விவாதம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. அவர்கள் வீடுகளில் அது பல தலைமுறைப் பேச்சு. பெற்றோர் இரு இனத்தவரானால், சிங்கப்பூரில் 2011 முதல் பிள்ளைக்கு இரண்டு இனங்களையும் இணைத்துப் பதியலாம். ஆனாலும் வீட்டு வரம்பு போன்றவற்றுக்கு முதலில் எழுதிய இனம்தான் கணக்கு.

உடையில் மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. முதல் தலைமுறைப் பெண்கள் சேலை முந்தானையால் தலையை மூடினார்கள். மகள்கள் பள்ளிச் சீருடையில் வளர்ந்து, பெருநாளுக்கு மலாய்ப் பெண்களைப் போல பாஜு குருங் தைத்துக்கொண்டார்கள். பேத்திகள் துடோங் என்னும் தலைத்துணி அணிகிறார்கள். பாட்டி அதைப் பார்த்து ‘எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்லையே’ என்கிறாள். பொது மருத்துவமனைத் தாதியர் துடோங் அணிய 2021 நவம்பர் முதல் அனுமதி கிடைத்தது. அதுவரை தாதி வேலையை இதற்காகவே தவிர்த்த பெண்கள் எல்லா முஸ்லிம் சமூகங்களிலும் இருந்தார்கள்.

நாள்காட்டியும் பிரிந்தது. சிங்கப்பூரில் நோன்பும் பெருநாளும் வானியல் கணிப்பைத் துணைகொண்டு முயிஸால் அறிவிக்கப்படுகின்றன. தமிழகத்தில் பிறை கண்ட தகவலின்பேரில் தலைமைக் காஜி அறிவிக்கிறார். பல ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். சிங்கப்பூரில் பிரியாணி ஆக்கி முடித்து ஊருக்குப் போன் செய்தால், அங்கே உம்மா இன்னும் நோன்பு வைத்திருப்பார்.

இறந்தவரை அடக்கும் இடத்திலும் சிங்கப்பூரின் நிலப் பற்றாக்குறை குறுக்கிடுகிறது. இப்போது புதிதாக அடக்கம் நடப்பது சுவா சூ காங்கில் மட்டும். 1998 நவம்பர் முதல் அடக்கத்துக்கு 15 ஆண்டுக் காலவரம்பு. அதன்பின் முஸ்லிம்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, பலருடையது சேர்த்துச் சிறிய இடத்தில் மறுபடி அடக்கப்படுகின்றன. ஊரில் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் முப்பாட்டன் கபர் இருக்கும் இடத்தைக் காட்டக்கூடியவர்களுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. மார்க்க அறிஞர்களின் இசைவு பெற்றே இந்த ஏற்பாடு வந்தது என்பது ஓரளவு ஆறுதல். வயதான பிறகு சிலர் ஊருக்குத் திரும்பிவிட விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிள்ளைகளும் பேரர்களும் சிங்கப்பூரில் இருக்க, ஜியாரத்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்வி அவர்களைத் தடுத்தது.

தொண்ணூறுகளுக்குப் பின் மென்பொருள், வங்கி, பொறியியல் வேலைகளுக்கு வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மேற்சொன்ன வரலாற்றின் வழியே வந்தவையல்ல. இவர்கள் முதல் நாளே மனைவியோடும் குழந்தையோடும் வருகிறார்கள். வேலை தேடித் தந்தது ஊர்க்காரர் அல்ல, பட்டம். ஜமாஅத்துக்காரர் தயவு இல்லாமலே வீடு கிடைக்கிறது. சபராளியின் மனைவி ஊரில் தாயோடு இருந்தாள். இவர்களின் மனைவி பட்டதாரி, ஆனால் சார்ந்திருப்போர் அட்டையில் வந்திருப்பதால் 2021 மே முதல் அவர் வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிப்பதா என்ற முடிவு மகனைச் சுற்றி வருகிறது: பெற்றோரின் விண்ணப்பத்தால் நிரந்தரவாசியாகும் ஆண்பிள்ளை தேசிய சேவை செய்தாக வேண்டும், தந்தைக்கு அந்தக் கடமை இல்லை. மகன் சிங்கப்பூர்க் குடிமகனானால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருப்பது இப்போது சாதாரணம். பெற்றோரை நெடுநாள் உடன் வைத்துக்கொள்ள விரும்பினால், வேலை அட்டையில் இருப்பவரின் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளியாக இருக்க வேண்டும். அந்த அளவு எட்டாதவர்களின் தாய் தந்தையர் வருகை அனுமதியில் வந்து, பேரனின் பள்ளி விடுமுறை வரை இருந்து, நாள் முடியும்போது திருச்சி விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள்.